சூப்பி மறத்தல்: ஒரு சிறு சரித்திரம்

ஜெர்மானிய ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர் 1506-ஆம் ஆண்டு வெனிஸ் நகரில் தங்கியிருந்தபோது வரைந்த ஓவியம் ஒன்று இப்போது பெர்லின் ஓவியக்கூடத்தில் இருக்கிறது. மரியாளின் மடியில் குழந்தை இயேசு அமர்ந்திருக்கிறது. அதன் கைமீது சிஸ்கின் எனப்படும் சிறு பாடும்பறவை ஒன்று. அந்தப் பறவையின் பெயராலேயே ஓவியம் அறியப்படுகிறது. பக்கத்தில் நிற்கும் சிறுவன் யோவான் மரியாளிடம் மலர்களை நீட்டுகிறான். இவற்றையெல்லாம் பார்த்து முடித்தபின்புதான் நம் கண்ணுக்கு இன்னொன்று தட்டுப்படுகிறது. குழந்தையின் மற்றொரு கையில், நூலால் கட்டப்பட்ட வெள்ளைத் துணிமுடிச்சு ஒன்று இருக்கிறது. கிறித்தவக் குறியீடுகளில் பழக்கம் உள்ளவர்கள் அதற்கும் ஏதேனும் இறையியல் பொருள் தேடக்கூடும். ஆனால் அந்நாளைய ஜெர்மானியத் தாய்மார் எவருக்கும் அது என்னவென்று விளக்க வேண்டியிருந்திருக்காது. அது சூப்பி.

ஈழத்தமிழ் வழக்கில் சூப்பி என்பது அழகான சொல். தமிழ்நாட்டில் நாம் பெரும்பாலும் நிப்பிள் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். இக்கட்டுரையில் ஈழத்தாரின் சொல்லையே கையாளலாம் என்று முடிவு செய்தோம், ஏனெனில் அதில் குழந்தையின் செயல் மட்டுமே இருக்கிறது, பெரியவர்களின் தீர்ப்பு இல்லை. பிற மொழிகளில் அப்படியல்ல. ஆங்கிலேயர்கள் அதை டம்மி என்கிறார்கள், அதாவது போலி. அமெரிக்கர்களின் பேசிஃபயர் அமைதிப்படுத்தும் கருவி. டச்சு மொழியின் ஃபோப்ஸ்பேன் இன்னும் வெளிப்படையானது, ஏமாற்றும் காம்பு என்றே அதற்குப் பொருள். பெயரிட்டவர்கள் யாவரும் வளர்ந்தவர்கள், ஆகவே பெயர்களில் அவர்களுடைய மனச்சான்றின் உறுத்தல் ஏறிவிட்டது. ஏமாற்றுகிறோம் என்று அறிந்தே ஒன்றைக் கொடுக்கிறோம். இரண்டு மூன்று ஆண்டுகள் கழித்து, கொடுத்ததைத் திரும்பப் பறிப்பதற்காக மறுபடியும் ஏமாற்றுகிறோம். இந்த இரண்டாவது ஏமாற்றின் வரலாறுதான் இங்கே நம் அக்கறை. ஆனால் அதைச் சொல்ல முதலாவதைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

டியூரரின் குழந்தை வைத்திருப்பது ஜெர்மானியப் பகுதிகளில் ட்ஸுல்ப் என்றும் லுட்ஷ்பாய்டல் என்றும் வழங்கிய பொருள். பழந்துணியின் ஒரு துண்டில் ரொட்டித் தூளும் சர்க்கரையும் வைத்து, சில வீடுகளில் கசகசாவும் சேர்த்து, உருண்டையாக முடிந்து நூலால் கட்டுவார்கள். தண்ணீரிலோ பாலிலோ நனைத்துக் குழந்தையின் வாயில் வைப்பார்கள். சாராயத்தில் நனைத்ததும் உண்டு. ரஷ்யக் கிராமங்களில் கறுப்பு ரொட்டியை வீட்டுப் பெண்கள் தம் வாயில் மென்று துணியில் வைத்துக் கட்டிக்கொடுத்தார்கள். செல்வர் வீடுகளின் கதை வேறு. அங்கே வெள்ளிப்பிடியும் சிறு மணிகளும் பொருத்திய பவளத்துண்டு ஒன்று குழந்தையின் கழுத்தில் தொங்கியது. பல் முளைக்கும்போது கடிப்பதற்காக அது. பவளம் குழந்தைகளைத் தீங்கிலிருந்து காக்கும் என்ற நம்பிக்கையை ரோமானியரான பிளினியே தம் நூலில் பதிந்திருக்கிறார். ஆக ஒரே வாய்க்கு, வர்க்கத்துக்கேற்ப, ஒருபுறம் பவளமும் மறுபுறம் கந்தைத்துணியும்.

இந்தத் துணிமுடிச்சைப் பற்றி யோசிக்கும்போது நமக்கு ஒன்று தோன்றுகிறது. அது ஒரு உடைமையாக இருந்திருக்க வாய்ப்பில்லை. அது ஊறி, பிய்ந்து, புளித்துப்போகும், பிறகு புதிதாகக் கட்டவேண்டும். இன்றைய முடிச்சு நேற்றையது அல்ல. உணவுக்கும் பொம்மைக்கும் இடைப்பட்ட ஏதோ ஒன்றாக அது வீட்டில் புழங்கியது. கட்டுவதை நிறுத்தினால் அது இல்லாமல் போய்விடும். ஒரே பொருள், ஒரே வடிவில், ஒரே வாசனையோடு மாதக்கணக்கில் ஒரு குழந்தையிடம் தங்கியிருப்பது, அதைக் குழந்தை தன்னுடையது என்று அடையாளம் காண்பது என்பதெல்லாம் ரப்பர் வந்த பின்பு நேர்ந்தவை. பிரிவு என்ற பிரச்சினையும் அப்போதுதான் கூர்மை பெற்றிருக்க வேண்டும்.

ரப்பரைக் கந்தகம் சேர்த்துச் சூடாக்கி உறுதிப்படுத்தும் முறைக்கு அமெரிக்காவில் சார்லஸ் குட்இயர் காப்புரிமை பெற்றது 1844-இல். மறு ஆண்டே, 1845-இல், நியூயார்க்கைச் சேர்ந்த எலைஜா பிராட் பால்புட்டிக்கான ரப்பர் காம்புக்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். ஆனால் தொடக்ககால ரப்பர் துர்நாற்றம் வீசியது, வெந்நீரைத் தாங்காமல் கெட்டது. குழந்தைகள் விரும்பி வாயில் வைத்துக்கொள்ளும் தரத்துக்கு அது வர நெடுங்காலம் ஆயிற்று. ஏறத்தாழ 1900-ஐ ஒட்டி அமெரிக்க மருந்துக் கடைக்காரரான கிறிஸ்டியன் மைனெக்கே என்பவர் குழந்தைக்கு ஆறுதல் தருவது என்ற பொருள்படும் பெயரில் ஒரு வடிவமைப்பைப் பதிவு செய்தார். காம்பு, அது தொண்டைக்குள் போய்விடாமல் தடுக்கும் ஒரு வட்டத்தகடு, பிடித்துக்கொள்ள ஒரு வளையம். நூற்றாண்டு கடந்தும் இந்த மூன்று உறுப்புகளும் அப்படியே இருக்கின்றன.

சூப்பி கடைச்சரக்காக மாறிய அதே ஆண்டுகளில்தான் அதன்மீதான போரும் தொடங்கியது. இதைத் தற்செயல் என்று நாம் கருதவில்லை. மருத்துவர்களின் கோபத்துக்கு நியாயமான காரணங்கள் இருந்தன. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1900-ஆம் ஆண்டு பிறந்த ஒவ்வோர் ஆயிரம் குழந்தைகளில் ஏறத்தாழ 150 குழந்தைகள் முதல் பிறந்தநாளுக்கு முன்பே இறந்தன. கோடையில் வயிற்றுப்போக்கு வந்து கொத்துக்கொத்தாக எடுத்துக்கொண்டு போயிற்று. கிருமிக் கோட்பாடு அப்போதுதான் மருத்துவர்களின் கண்ணைத் திறந்திருந்தது. தெருவில் விழுந்த சூப்பியை எடுத்து, முன்றானைத் துணியில் துடைத்து, தன் வாயில் ஒருமுறை வைத்துவிட்டுக் குழந்தையிடம் கொடுக்கும் தொழிலாளர் குடும்பத்துத் தாயைக் கண்ட ஒரு சுகாதார அலுவலர் என்ன நினைத்திருப்பார் என்று நம்மால் ஊகிக்க முடியும். பிரான்சில் இதே அச்சம் சட்டமாகவே வந்தது. கழுவ முடியாத நீண்ட ரப்பர்க் குழாய் வைத்த பால்புட்டிகளை 1910-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்தது.

இரண்டாவது காரணம் அபின். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அழும் குழந்தையை அமைதிப்படுத்துவது ஒரு பெருவணிகம். ஆங்கிலேய ஆலை நகரங்களில் காட்ஃப்ரேயின் கார்டியல் என்ற அபின் கலந்த பானம் சாதாரணமாகக் கடையில் கிடைத்தது. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் 1849-இல் விற்பனைக்கு வந்த திருமதி வின்ஸ்லோவின் சிரப்பில் மார்ஃபின் இருந்தது. அதைக் குடித்த குழந்தைகள் உறங்கின, சில விழிக்கவே இல்லை. அமெரிக்க மருத்துவச் சங்கம் 1911-இல் வெளியிட்ட நூலில் அந்தச் சிரப்பைக் குழந்தைக்கொல்லிகளின் வரிசையில் வைத்தது. அமைதியான குழந்தை என்றாலே மருத்துவர்கள் சந்தேகத்தோடு பார்த்த காலம் அது. அமைதியை விற்கும் எந்தப் பொருளும் அந்தச் சந்தேகத்துக்குத் தப்பவில்லை. சூப்பியும் அதன் வரிசையில் நிறுத்தப்பட்டது.

இவ்வளவோடு நின்றிருந்தால் அது சுகாதார வரலாறாக மட்டும் இருந்திருக்கும். ஆனால் கிருமியைப் பற்றிய கவலை மெல்லமெல்லக் குழந்தையின் ஒழுக்கத்தைப் பற்றிய கவலையாக உருமாறியது. புடாபெஸ்டைச் சேர்ந்த குழந்தை மருத்துவர் லின்ட்னர் 1879-இல் சூப்பும் குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையில், அப்பழக்கத்தில் உள்ள இன்பத்தைப் பால்விழைவோடு தொடர்புபடுத்தினார். சிக்மண்ட் ஃபிராய்ட் 1905-இல் வெளியிட்ட பாலியல் கோட்பாடு குறித்த கட்டுரைகளில் லின்ட்னரைக் குறிப்பிட்டு, அந்த அவதானிப்பைத் தம் கொள்கையின் மையத்துக்குக் கொண்டுவந்தார். ஃபிராய்டின் நோக்கம் கண்டனம் அல்ல. ஆனால் வளர்ப்பு நூல்களை எழுதியவர்கள் அதில் ஏற்கெனவே தாம் அஞ்சியதற்கான உறுதிப்பாட்டைக் கண்டார்கள். இன்று விரலைச் சூப்பும் குழந்தை நாளை என்னவாகும் என்ற கேள்வி தாய்மாரின் தூக்கத்தைக் கெடுத்தது.

மறக்கடிக்கும் முறைகள் இந்தக் காலத்தில்தான் கொடுமையின் எல்லையைத் தொட்டன. அவற்றுக்கு ஒரு முன்னோடியும் உண்டு. ஃபிராங்க்ஃபர்ட் நகர மருத்துவரான ஹைன்ரிஷ் ஹாஃப்மன் 1844-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸுக்குத் தம் மூன்று வயது மகனுக்கு நல்ல படப்புத்தகம் தேடினார். எதுவும் பிடிக்காமல், ஒரு வெற்று நோட்டுப்புத்தகத்தை வாங்கித் தாமே எழுதிப் படமும் வரைந்தார். மறு ஆண்டு அச்சான அந்நூல் பின்னாளில் ஸ்ட்ருவெல்பேட்டர் என்ற பெயரில் ஐரோப்பா முழுவதும் பரவியது. அதில் கட்டைவிரல் சூப்பும் கான்ராட் என்ற சிறுவனின் கதை வருகிறது. தாய் வெளியே போகும்போது எச்சரித்துவிட்டுப் போகிறாள். அவள் தலை மறைந்ததும் விரல் வாய்க்குப் போகிறது. கதவைத் திறந்துகொண்டு தையற்காரன் ஒருவன் பாய்ந்து வந்து, பெருங்கத்தரிக்கோலால் இரண்டு கட்டைவிரல்களையும் நறுக்கிவிட்டுப் போகிறான். கடைசிப் படத்தில் சிறுவன் விரலற்ற கைகளை விரித்தபடி நம்மைப் பார்த்து நிற்கிறான். ஹாஃப்மன் இதை நகைச்சுவையாகத்தான் எண்ணினார் என்று வாதிடுவோர் உண்டு. அவர் கனிவான மருத்துவர், பின்னாளில் அந்நகரின் மனநல மருத்துவமனையை நடத்தியவர். இருக்கலாம். ஆனாலும் தலைமுறை தலைமுறையாகக் குழந்தைகள் அந்தக் கத்தரிக்கோலைக் கனவில் கண்டிருக்கிறார்கள் என்பதில் நமக்கு ஐயமில்லை.

கதையில் தையற்காரன் செய்ததை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அறிவியலின் பெயரால் சாதுவான முறைகளில் செய்தார்கள். விரலில் கசப்பு மருந்து பூசுவது, முழங்கையை மடக்க முடியாதபடி கெட்டி அட்டையை வைத்துக் கட்டுவது, அலுமினியத்தால் செய்த உருண்டை உறைகளைக் கைகளில் மாட்டிவிடுவது என்று பல வழிகள். அமெரிக்க அரசின் குழந்தைகள் நலப் பணியகம் 1914-இல் குழந்தை வளர்ப்புக் கையேடு ஒன்றை வெளியிட்டது. எழுதியவர் மேரி மில்ஸ் வெஸ்ட், குழந்தைகளை வளர்த்த அனுபவம் உள்ள ஒரு தாய். பல பதிப்புகள் கண்டு இலட்சக்கணக்கான வீடுகளுக்குள் நுழைந்த அந்நூல் சூப்பியைக் கடுமையாகக் கண்டிக்கிறது. குழந்தை விரல் சூப்பினால் இரவு பகலாகச் சில நாள்களுக்குச் சட்டைக்கையை விரல்களுக்குக் கீழே இழுத்து ஊசி குத்தியோ தைத்தோ வைக்கச் சொல்கிறது. அந்தக் கையைக் குற்றவாளியாகவே அது நடத்துகிறது. குழந்தையோடு பெற்றோர் விளையாடுவதுகூட அதன் நரம்புகளுக்குக் கேடு என்று எச்சரிக்கும் நூல் அது.

உலகின் மறுகோடியில், நியூசிலாந்தின் டுனெடின் நகரில், ட்ரூபி கிங் என்ற மருத்துவர் 1907-இல் தாய்சேய் நலச் சங்கம் ஒன்றைத் தொடங்கினார். ப்ளங்கெட் சங்கம் என்று பின்னர் பெயர்பெற்ற அவ்வமைப்பு எண்ணற்ற குழந்தைகளின் உயிரைக் காத்தது என்பதை மறுக்க முடியாது. கடிகாரம் பார்த்துப் பாலூட்ட வேண்டும், இடையில் அழுதால் விட்டுவிட வேண்டும், சூப்பி வீட்டுக்குள்ளேயே வரக்கூடாது என்பது அவர் விதித்த ஒழுங்கு. அமெரிக்க உளவியலாளர் ஜான் வாட்சன் 1928-இல் எழுதிய நூலில் இன்னும் ஒருபடி மேலே போனார். குழந்தையை அணைக்காதீர்கள், முத்தமிடாதீர்கள், காலையில் கைகுலுக்குங்கள் என்றார். இரவுச் சட்டையின் கைகளில் விரல்பிரிவு இல்லாத துணி உறைகளைத் தைத்துவிடும்படியும் யோசனை சொன்னார். கைகுலுக்கச் சொன்னவர் அந்தக் கைகளுக்கு உறையும் தைக்கச் சொன்னார் என்பதை வாசகர் கவனிக்க வேண்டும்.

இத்தனைக்கும் இடையில் ஒரே ஒரு கேள்வி எங்கும் கேட்கப்படவில்லை. எடுத்துவிட்ட பின் அந்தக் குழந்தைக்கு என்ன ஆகிறது? பழக்கம் ஒழிந்ததா என்று பார்த்தார்களேயொழிய, ஒன்றை இழந்தவருக்கு நேர்வது இதற்கும் நேர்கிறதா என்று பார்க்கவில்லை. நம் வீடுகளில் பால்குடி மறக்கடிக்க முலைக்காம்பில் வேப்பெண்ணெய் தடவும் வழக்கத்தை நாம் அறிவோம். அதில் கசப்பு இருந்தாலும் தாயின் மடி அங்கேயே இருக்கிறது, அழுதால் அவளே அள்ளிக்கொள்வாள். தைக்கப்பட்ட சட்டைக்கைக்குப் பின்னால் அப்படி ஒரு மடி இருக்கவும் கூடாது என்பதுதான் அக்காலத்து நிபுணர்களின் பாடம்.

மாற்றம் எப்போது வந்தது என்று ஆண்டு குறித்துச் சொல்வது கடினம். அமெரிக்கக் கையேட்டின் பதிப்புகளை ஒப்பிட்டு மார்த்தா வொல்ஃபென்ஸ்டைன் 1953-இல் எழுதிய ஆய்வு இதில் நமக்குப் பெருந்துணை. 1914-இல் ஆபத்தான வேட்கைகளால் ஆட்டிவைக்கப்படும் உயிராகச் சித்திரிக்கப்பட்ட அதே குழந்தை, 1940-களின் பதிப்புகளில் தன்னைச் சுற்றியுள்ள உலகைத் தொட்டும் சுவைத்தும் அறியும் தீங்கற்ற உயிராகிவிடுகிறது. குழந்தை மாறவில்லை, அதைப் பார்த்தவர்களின் அச்சம் வேறு இடத்துக்குப் போய்விட்டது. பெஞ்சமின் ஸ்போக் 1946-இல் வெளியிட்ட நூல் கைகளைக் கட்டுவதையும் கசப்புப் பூசுவதையும் வெளிப்படையாக எதிர்த்தது. அவை பலனளிப்பதில்லை, குழந்தையை வதைக்கின்றன என்பது அவர் கட்சி. ஜெர்மனியில் 1956-இல் பல்மருத்துவர்களான அடால்ஃப் முல்லரும் வில்ஹெல்ம் பால்டர்ஸும் தாடைக்கு ஏற்ற வடிவில் ஒரு பக்கம் தட்டையான காம்பை உருவாக்கினார்கள். நூக் என்ற பெயரில் அது உலகெங்கும் விற்றது. வீட்டுக்குள் வரக்கூடாததாக இருந்த சூப்பி இப்போது மருத்துவர் வடிவமைத்த பொருளாகிவிட்டது.

இந்த இடத்தில் டொனால்ட் வின்னிகாட்டைத் தவிர்க்க முடியாது. லண்டனில் குழந்தை மருத்துவராகவும் உளப்பகுப்பாய்வாளராகவும் இருந்த அவர் 1951-இல் வாசித்து 1953-இல் அச்சிட்ட கட்டுரையில், குழந்தை இறுகப் பற்றிக்கொள்ளும் போர்வை நுனி, துணிப்பொம்மை போன்றவற்றைப் பற்றிப் பேசினார். அவை தாயுமல்ல, தானுமல்ல. இரண்டுக்கும் நடுவே உள்ள நிலத்தில் குழந்தை கண்டெடுத்துக்கொண்ட முதல் உடைமை. அது அழுக்கேறி நாறினாலும் பெற்றோர் துவைக்கத் தயங்குகிறார்கள், ஏனெனில் துவைத்தால் அதன் தொடர்ச்சி அறுந்துவிடும் என்று அவர்களுக்கு எப்படியோ தெரிந்திருக்கிறது. நாம் பெரிதும் மதிப்பது இக்கட்டுரையின் மற்றொரு அவதானிப்பை. இயல்பாக விடப்பட்டால், அப்பொருள் மறக்கப்படுவதும் இல்லை, அதற்காகத் துக்கம் கொண்டாடப்படுவதும் இல்லை. அது மெல்லமெல்லப் பொருளிழந்து எங்கோ ஓர் ஓரத்தில் இருந்துகொண்டிருக்கும். வின்னிகாட் சூப்பியை இவ்வகையில் முதன்மையாக வைத்துப் பேசவில்லை என்பது உண்மைதான். ஆயினும் இரண்டு வயதுக் குழந்தை இருட்டில் தன் சூப்பியைத் தடவித் தேடுவதைப் பார்த்தவர்கள், அது வாய்க்கு மட்டுமான பொருள் என்று சொல்லமாட்டார்கள்.

பெரியவர்களின் கருத்து வேறுபாடு இன்றுவரை தீர்ந்தபாடில்லை. உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 1991-இல் தொடங்கிய குழந்தை நேய மருத்துவமனைத் திட்டத்தின் பத்து விதிகளில் ஒன்பதாவது, தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்குச் சூப்பி கொடுக்காதீர்கள் என்றது. 2018-இல் அதைத் திருத்தி, அதன் தீமைகளைத் தாயிடம் எடுத்துச் சொல்லுங்கள் என்று மென்மையாக்கினார்கள். இடையில் 2005-இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் அமைப்பு, உறக்கத்தில் காரணம் தெரியாமல் நேரும் சிசு மரணங்களைச் சூப்பி குறைப்பதாகத் தெரிகிறது என்று கூறி, தாய்ப்பால் நிலைபெற்ற பின்பு உறங்கும் வேளைகளில் கொடுக்கப் பரிந்துரைத்தது. நூறாண்டுக்கு முன் சிசுக்களைக் கொல்வதாகக் குற்றம் சாட்டப்பட்ட பொருளுக்கு இப்படி ஒரு விடுதலைத் தீர்ப்பு கிடைத்தது. மறுபுறம், பின்லாந்தின் ஊலு நகர ஆய்வாளர்கள் 2000-இல் வெளியிட்ட ஆய்வில், உறங்கப்போகும் நேரத்துக்கு மட்டும் சூப்பியைக் கொடுக்கப் பெற்றோருக்கு அறிவுறுத்தியபோது நடுக்காது அழற்சி 29 விழுக்காடு குறைந்தது. மூன்று வயதுக்கு மேலும் தொடர்ந்தால் மேல், கீழ் முன்பற்கள் ஒன்றையொன்று தொடாமல் இடைவெளி விழும் என்கிறார்கள் பல்மருத்துவர்கள். ஆக, கொடுக்கவும் வேண்டும், உரிய காலத்தில் எடுக்கவும் வேண்டும். எடுப்பது எப்படி?

நம் காலத்துப் பெற்றோர் கையாளும் வழிகளில் ஒன்று, காம்பின் நுனியைக் கத்தரிக்கோலால் கொஞ்சம் வெட்டிவிடுவது. உறிஞ்சினால் பிடிமானம் இருக்காது, கெட்டுப்போய்விட்டது என்று குழந்தையே தூக்கியெறியும் என்பது கணக்கு. வெட்டிய ரப்பர் பிய்ந்து தொண்டையில் சிக்கலாம் என்று மருத்துவர்கள் எச்சரிப்பது ஒருபுறம் இருக்கட்டும். ஹாஃப்மனின் தையற்காரன் நாகரிகமடைந்து வீட்டுக்குள் வந்துவிட்டதைப் போலத்தான் நமக்கு இது தோன்றுகிறது. கத்தரிக்கோல் விரலை விட்டுவிட்டு ரப்பருக்கு வந்திருக்கிறது. குழந்தைக்குத் தெரியாமல் அதன் உடைமையைச் சிதைத்து, அது தானாகவே கெட்டது என்று நம்பவைக்கும் உத்தி மட்டும் பழையதே. ஜெர்மனியில் சூப்பித் தேவதை உண்டு. இரவில் குழந்தை தூங்கும்போது வந்து சூப்பியை எடுத்துக்கொண்டு பரிசு ஒன்றை வைத்துவிட்டுப் போவாள். இனிமையான கற்பனை, ஆனால் விடியும்போது பொருள் இல்லை. ஸ்வீடனில் கிறிஸ்துமஸ் தாத்தாவிடம் ஒப்படைக்கச் சொல்வது வழக்கம். இது சற்று மேல், குழந்தை தன் கையால் கொடுக்கிறது. என்றாலும் வாங்கிக்கொண்டவர் எங்கோ போய்விடுகிறார்.

டென்மார்க்கில் வேறொரு வழி இருக்கிறது. கோபன்ஹேகனை ஒட்டிய ஃப்ரெடெரிக்ஸ்பெர்க் அரண்மனைத் தோட்டம், ஒருகாலத்தில் ஆறாம் ஃப்ரெடெரிக் அரசர் படகில் உலாவந்த கால்வாய்களும் நிறைய நாரைகளும் கொண்ட பொதுப்பூங்கா. அங்கே ஒரு மரத்தின் கிளைகளில் கைக்கெட்டும் உயரம்வரை நூற்றுக்கணக்கான சூப்பிகள் தொங்குகின்றன. சுத்தெத்ரே, அதாவது சூப்பி மரம் என்று பெயர். டேனிஷ் மொழியில் சூப்பிக்குச் சுத் என்று பெயர். நாட்டின் பல ஊர்களில் இத்தகைய மரங்கள் இருக்கின்றன. இவ்வழக்கம் எல்லை தாண்டி ஜெர்மன் நகரங்களுக்கும் போயிருக்கிறது. இதை எந்த மருத்துவரும் எந்தக் கையேடும் கண்டுபிடித்ததாகத் தெரியவில்லை என்பதே இதன்மேல் நமக்குள்ள பிரியத்துக்குப் பாதிக் காரணம்.

செய்வது எளிது. பல நாள்களுக்கு முன்பே குழந்தையிடம் பேசத் தொடங்குகிறார்கள். நீ பெரிய பிள்ளையாகிவிட்டாய், சூப்பியை மரத்திடம் கொண்டுபோய்க் கொடுக்கலாமா? ஒரு நாள் குறிக்கப்படுகிறது. வீட்டில் உள்ள சூப்பிகள் எல்லாவற்றையும் சேர்த்து வண்ண நாடாவில் கோக்கிறார்கள். பலர் சிறு கடிதமும் எழுதி வைக்கிறார்கள், இதுவரை தன்னோடு தூங்கியவற்றை இனி மரம் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று குழந்தை சார்பாகக் கேட்டுக்கொள்ளும் கடிதம். தோட்டத்துக்குப் போய், தந்தையோ தாத்தாவோ தூக்கிப்பிடிக்க, குழந்தை தன் கையாலேயே கட்டுகிறது அல்லது கட்டும்போது நாடாவைப் பிடித்துக்கொள்கிறது. பிறகு புல்வெளியில் அமர்ந்து கேக் சாப்பிடுகிறார்கள். குழந்தை நிமிர்ந்து பார்த்தால் மரம் முழுவதும் மற்றக் குழந்தைகளின் சூப்பிகள். இந்த இழப்பு தனக்கு மட்டும் நேர்வதல்ல என்று அதற்கு யாரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டியதில்லை.

இதில் ஏமாற்றே இல்லை என்று நாம் சொல்ல வரவில்லை. மரம் பார்த்துக்கொள்ளும் என்பது கதைதான். கேக் ஒருவகைக் கையூட்டுதான். சம்மதம் என்று பெரியவர்கள் எடுத்துக்கொள்வது பலமுறை சலிப்பின் தலையசைப்பாகவும் இருக்கலாம். அன்றிரவு அழும் குழந்தைகள் உண்டு, மரத்தடிக்கு வந்து மனம் மாறித் திரும்பும் குழந்தைகளும் உண்டு. திரும்ப விடுகிறார்கள் என்பதுதான் நாம் கவனிக்க வேண்டியது. இன்னும் சில வாரம் கழித்து மறுபடி வரலாம், மரம் எங்கும் போய்விடாது. தைக்கப்பட்ட சட்டைக்கை இப்படிக் காத்திருக்குமா? கத்தரிக்கோல் காத்திருக்குமா?

அதைவிடவும் பெரிதாக நமக்குப் படுவது, அந்தப் பொருள் அங்கேயே இருக்கிறது என்பது. தேவதை எடுத்துப்போகவில்லை, குப்பைக்குப் போகவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துக்கு வந்தால் பார்க்கலாம். வெயிலில் ரப்பர் மஞ்சளித்து, பிறகு பழுப்பாகி, பிசுபிசுத்துப் போகிறது. கடிதங்களின் மை மழையில் கரைகிறது. கட்டும்போது பளிச்சென்றிருந்த நாடாக்கள் ஒரே சாம்பல்நிறத்துக்கு வந்துவிடுகின்றன. முதல் சில வருகைகளில் குழந்தை தன்னுடையதைச் சுட்டிக்காட்டும். அதற்குள் வேறு குழந்தைகள் அதன்மேலும் பக்கத்திலும் புதியவற்றைக் கட்டியிருப்பார்கள். ஒருநாள் தாய் அண்ணாந்து தேடிக்கொண்டு நிற்க, குழந்தை கால்வாய்ப் பக்கம் நாரையைப் பார்க்க ஓடிவிட்டிருக்கும்.